சுக்குட்டி வேர்

காற்றே அடிக்காத ஒரு காலை வேளையில் எங்கள் தோட்டத்து வாழை ஒன்று தானாகப் படுத்துக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். குலை தள்ளிய நேந்திரன். முட்டுக்கொம்பு கொடுத்திருந்தோம். அந்தக் கொம்பையும் சேர்த்துக்கொண்டு மெல்லச் சாய்ந்து, பக்கத்து மரத்தின் மேல் விழுந்து, அதையும் இழுத்துக்கொண்டு தரைக்கு வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அடிக்கிழங்கோடு பெயர்ந்திருந்தது. விரல் தடிமனுக்கு வேர் ஓடியிருக்க வேண்டிய இடத்தில் கறுத்துப்போன நார்கள் கொஞ்சம் தொங்கின. அந்த நார்களிலும் அங்கங்கே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

எனக்கு முதலில் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான். இத்தனை உரத்தைத் தின்றுவிட்டு, இத்தனை தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கக்கூட வக்கில்லையா என்று அந்த மரத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. ஏனென்றால் அது முதல் மரம் இல்லை. அந்த வாரத்திலேயே பல மரங்கள் விழுந்திருந்தன. அதற்கு முந்தின போகத்திலும் இதே கதைதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் மூன்று ஏக்கர். பூமி என் பெயரிலும் என் வீட்டுக்காரர் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. அவர் பெருந்துறையில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வந்து, திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறிப் போய்விடுவார். விவசாயம் என் தலையில். யாரும் ஏற்றிவிடவில்லை, நானாக ஏற்றிக்கொண்டதுதான்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் பையைக்கூட வைக்காமல் விழுந்த மரங்களைச் சுற்றி வந்தார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நான்கு சொல்லி மனசு ஆறியிருப்பேன். கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, குடோன் கட்ட இடம் கேட்டு ஒரு புரோக்கர் நடையாய் நடப்பதை ஞாபகப்படுத்தினார். ரோட்டிலிருந்து நம் தோட்டத்துக்கு லாரி வந்து போக வழி இருப்பதால் அந்தக் கம்பெனிக்கு நம் இடம்தான் வேண்டுமாம். நீண்டகால வாடகை. வாழை விழுந்தாலும் எழுந்தாலும் மாதாமாதம் வந்துவிடும்.

"ஆடிக்குள்ள என்ன கோளாறுன்னு கண்டுபுடி அம்மணி. புரிஞ்சா மறுக்கா வாழை வெய்யி. புரியலீன்னா குடோனுக்கு உட்டுப்போடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அந்த மூன்று ஏக்கர் போய்விட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. கான்கிரீட் போட்ட மண்ணை மறுபடி மண்ணாக்க முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார். மில்லில் தரம் பார்க்கிற பகுதியில் இருப்பதால் வந்த பழக்கமா, பிறவிக் குணமா தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளைக்கூட வெயிலில் நிறுத்திவைத்து, ரசீதில் இருக்கிற எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். அந்த ஆள் எங்கள் வீட்டை எப்போதும் கடைசியாக வைத்துக்கொள்வார். கல்யாணத்தைப் பதியப் போனபோது மட்டும் எப்படி உடனே போட்டீர்கள் என்று ஒருமுறை சீண்டினேன். "அது ஒண்ணுதான் புரியாமப் போட்டது, இன்னும் புரியல" என்றார். நான் ஒரு வாரம் பேசவில்லை.

ஆக, ஆடிக்குள் நான் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. முதலில் கன்று விற்ற நர்சரிக்காரரைப் பிடித்தேன். நோய்க் கன்றைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று போனில் கத்தினேன். அவர் நிதானமாக, அதே கன்றுகளை வாங்கிப்போன வேறு தோட்டங்களைச் சொல்லி, போய்ப் பாருங்கம்மா என்றார். போய்ப் பார்த்தேன். யானைக்கால் பருமனுக்கு மரங்கள் நின்றன. அடுத்ததாக உழவு ஓட்ட வந்த டிராக்டர்காரர். எந்தெந்த வயல் சேற்றையோ சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்து என் தோட்டத்தில் உதிர்த்துவிட்டார் என்று சண்டைக்குப் போனேன். அப்புறம் போர்வெல் தண்ணீர் மேல் சந்தேகம். அப்புறம் உரம். அதன் பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஒரு கண் திருஷ்டிப் பொம்மையை வாங்கி வந்து வேலி ஓரத்தில் கட்டினேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கட்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன்.

ஒருவரும் குறை சொல்ல முடியாத ஒரு விஷயம் என் தோட்டத்தில் இருந்தது. களையே கிடையாது. கோரை, பார்த்தீனியம், அறுகம்புல் என்று ஒன்றையும் தலைதூக்க விட மாட்டேன். களையெடுக்கிற பெண்கள் பக்கத்து ஊரிலிருந்து முறையாக வருவார்கள். அவர்களைக் கூட்டி வரும் பெண்ணை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், என்னைவிடக் கொஞ்சம் வாய்க்காரர். அவர்கள் வேலையை முடித்து எழுந்தால் வாழை வரிசைக்கு இடையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம்.

கீரை மட்டும் நிற்கும். கீரையைக் களை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. தொய்யக்கீரை, குப்பைக்கீரை, எல்லாவற்றுக்கும் மேலாக சுக்குட்டி. மற்ற ஊர்களில் மணத்தக்காளி என்பார்களே, அதுதான். விதைக்கவும் வேண்டாம், தண்ணீர் விடவும் வேண்டாம். பறவைகள் பழத்தைத் தின்றுவிட்டு எச்சம் போட்ட இடத்திலெல்லாம் முளைத்து நிற்கும். களைக்கொத்து அதன் பக்கத்தில் வந்ததும் தானாக ஒதுங்கிப் போகும். அப்படி ஒதுங்கச் சொல்லி யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, கை அப்படித்தான் பழகியிருக்கிறது. வேலை முடிந்து போகும்போது பெண்கள் ஆளுக்கு ஒரு மடி இலையைக் கிள்ளிக்கொண்டு போவார்கள். அது அவர்களுக்கு உண்டானது. எந்தத் தோட்டத்துக்காரரும் கேட்க மாட்டார்.

எங்கள் வீட்டில் அதற்குத் தேவை இன்னும் அதிகம். ஷிஃப்ட் மாறி மாறிப் பார்த்து, நேரம் கெட்ட நேரத்தில் டீயைக் குடித்து என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புண். ஞாயிற்றுக்கிழமை சுக்குட்டிக் கீரையைக் கடைந்து சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால்தான் அடுத்த வாரத்துக்குத் தாங்கும் என்பார். மாத்திரையைக்கூட மறந்துவிட்டுப் போவார், கீரைக்கு மட்டும் சனிக்கிழமையே போன் வந்துவிடும்.

போதாக்குறைக்கு நான் ஒரு புத்திசாலித்தனம் வேறு செய்து வைத்திருந்தேன். ஒருமுறை முற்றிப்போன சுக்குட்டிச் செடி ஒன்றைப் பிடுங்கியபோது வேர் முழுக்க முடிச்சாக இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நிலக்கடலை வேரிலும் தட்டைப்பயறு வேரிலும் அப்படி முடிச்சு இருந்தால் மண்ணுக்கு நல்லது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த முடிச்சு காற்றிலிருந்து சத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும். சரி, கீரையும் நம் மண்ணுக்கு உரம் போடுகிறது என்று நினைத்து, ஒரு சுக்குட்டியையும் தொடக் கூடாது என்று அக்காவிடம் அழுத்திச் சொல்லிவிட்டேன். முற்றிப்போன செடிகளை மட்டும் வேரோடு பிடுங்கி வாழையின் அடியில் மூடாக்காகப் போடச் சொன்னேன். ஈரம் காக்கும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். வாழை வேரில் இருந்த முடிச்சையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஒன்று நோய், ஒன்று வரம் என்று இரண்டு வேறு பெட்டிகளில் போட்டு வைத்திருந்தேன்.

கடைசியில் ஒரு கட்டைப்பை நிறைய வாழை வேரும் ஒரு பொட்டலம் மண்ணும் எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். மண்ணையும் வேரையும் சோதித்துச் சொல்கிற ஓர் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. அங்கிருந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். வேரைக் கழுவி, கிள்ளி, தண்ணீரில் போட்டு, கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, பிறகு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை. என் இமை மயிர்தான் தெரிந்தது. அவர் எதையோ திருகிவிட்ட பிறகு கண்ணாடிபோல ஒரு நூல் வளைந்து நெளிந்துகொண்டு போனது. நூற்புழுவாம். வெறும் கண்ணுக்குத் தெரியாதாம். வேருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு உறிஞ்சும், அதனால்தான் வேர் முடிச்சாக வீங்குகிறது, வீங்கிய வேர் அழுகி மரம் விழுகிறது என்றார்.

அடக் கடவுளே, கண்ணுக்கே தெரியாத ஒன்றுடனா இத்தனை நாள் சண்டை போட்டேன் என்று இருந்தது.

போன வாழையை வெட்டி எடுத்துவிட்டு இந்த வாழை வைக்கிறவரை தோட்டம் சும்மாதானே கிடந்தது, அப்போது புழு எதைத் தின்று உயிரோடு இருந்தது என்று அவரிடம் கேட்டேன். கன்று சுத்தமானது, கிழங்கைச் சீவி வைத்தோம், வேப்பம் புண்ணாக்கு போட்டோம், பிறகு எங்கிருந்துதான் வருகிறது? அவர் பதில் சொல்லாமல் அந்த இடைவெளியில் என்னென்ன களை இருந்தது என்று கேட்டார். களையே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"வெறும் மண்ணாவா கெடந்துச்சுங்க?"

"கீரை மட்டும் இருந்துச்சுங்க."

"என்ன கீரைங்க?"

சொன்னேன். அடுத்த முறை வரும்போது அந்தக் கீரையை வேரோடு கொண்டு வாங்க என்று மட்டும் சொன்னார். அவர் எதைச் சந்தேகிக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனபோது சுக்குட்டி வேரோடு, தட்டைப்பயறு வேரையும் வேண்டுமென்றே கொண்டுபோனேன். இதிலும்தான் முடிச்சு இருக்கிறது, இதுவும் நோயா என்று கேட்டு மடக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் மடங்கவில்லை. இரண்டு வேரையும் என் கையிலேயே கொடுத்து, முடிச்சை நகத்தால் உரசிப் பாருங்க என்றார். தட்டைப்பயறு முடிச்சு லேசாக உரசியதும் பிசிறில்லாமல் உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. வேர் அப்படியே இருந்தது. அது வேரின் மேல் வந்து ஒட்டிக்கொண்ட நல்ல முடிச்சு. சுக்குட்டி முடிச்சு வரவில்லை. அழுத்தி உரசினேன். வேர்தான் கிழிந்தது. அது மேலே ஒட்டிக்கொண்டது இல்லை, வேரே வீங்கியது. வாழை இல்லாத நாளெல்லாம் புழுவுக்குச் சோறு போட்டது என் கீரைதான். வாழை வந்த பிறகு, அந்த வேரைக் கொண்டுபோய் வாழையின் காலடியிலேயே போட்டு மூடியும் வைத்திருக்கிறேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புரிந்துவிட்டதே. ஆனால் எனக்குக் குழப்பம்தான் கூடியது. ஒரே செடி. அதன் இலை என் வீட்டுக்காரர் வயிற்றை ஆற்றுகிறது, அதன் வேர் என் வாழையை அரிக்கிறது. இது நல்ல செடியா கெட்ட செடியா? நான் அதைக் கும்பிடுவதா கொளுத்துவதா? சரி, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் புழு ஒழிந்துவிடுமா என்று கேட்டேன். முழுக்க ஒழியாது, குறையும் என்றார். எத்தனை நாள் பிடிக்கும் என்றேன். மண்ணுக்கு மண் மாறும், சொல்ல முடியாது என்றார். இத்தனை படித்துவிட்டு இதைச் சொல்ல முடியாதா என்று சுருக்கென்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அதைத்தான் நாங்களும் இன்னும் பாத்துட்டு இருக்கறோமுங்க. கொஞ்ச நாளைக்கு ஒரு பச்சை இல்லாம காயப்போடுங்க. மழை வந்ததும் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைச்சு உடுங்க, அதுல இந்தப் புழு பெருகாது. அதுக்கப்புறம் ஒரு சுக்குட்டி மொளைச்சா அதைப் புடுங்கிப் பாருங்க. மண்ணுல புழு இருக்குதா இல்லியான்னு அது வேரே சொல்லிப்போடும்."

அப்படித்தான் கோடையில் என் தோட்டத்தை நானே மொட்டையடித்தேன். மிச்சம் நின்ற வாழையை வெட்டி, கிழங்குகளைத் தோண்டி வெளியே போட்டு, வெயில் உள்ளே இறங்கும்படி ஆழ உழுது போட்டோம். எது தலைகாட்டினாலும் பிடுங்கினோம். அக்காவிடம் இனி கீரையும் நிற்கக் கூடாது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நான் பெண்களின் மடிக் கீரை மேல் கண் வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் இல்லாத கணக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டார். புழுவைப் பற்றிச் சொன்னேன். எங்கே காட்டுங்க என்றார். கண்ணுக்குத் தெரியாது என்றேன். அவர் மற்ற பெண்களைப் பார்த்தார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர் இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன். கடைசியில் இலை முழுக்க உங்களுக்கு, வேரை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பேசி முடித்தேன். வேர்களைப் பாறை மேல் காயப்போட்டுக் கொளுத்தினோம்.

ஒரு வாரத்தில் தோட்டம் செம்மண் தரையாகிவிட்டது. ஒரு புல் இல்லை. அன்னூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி, வித்துப்போட்டீங்களாமா என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை. எங்கள் பக்கம் யாராவது பூமியைச் சுத்தமாக வழித்துப்போட்டால் அடுத்து எல்லைக்கல் நடுவார்கள், அதற்கடுத்து கம்பி வேலி வரும். ஊர் கண்ணால் பார்த்தது அதைத்தானே.

புரோக்கர் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர் முகமெல்லாம் பல்லாக நின்றார். "பரவால்லீங்களே, நாங்க வந்து பண்ற வேலையை நீங்களே பண்ணி ரெடியா வெச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இது குடோனுக்கு இல்லை, வாழைக்கு என்றேன். வாழைக்கா என்று அந்த வெற்றுத் தரையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாக, ஐயா வந்ததும் பேசிக்கறேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். காப்பாற்றுகிறேன் என்று சொல்லி நானே முடித்துவிட்டேனா? பூமியை விற்ற மாதிரி ஆக்கினால்தான் பூமி நிற்கும் என்றால், அது என்ன வைத்தியம்? யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் அவர்கள் நாலு விஷயம் சொல்வார்கள், அது நாலு குழப்பம். பேசாமல் எழுந்து வந்தேன்.

புழு விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, சரி, ஆடி வரை பார்க்கலாம் என்றார். அந்த மாதங்களில் அவருக்குக் கீரை இல்லை. மேட்டுப்பாளையம் மார்க்கெட்டில் வாங்கலாம்தான். ஆனால் அங்கே கட்டு வேரோடும் மண்ணோடும் வரும். நான் கட்டை எடுத்ததும் இலையைப் பார்க்காமல் திருப்பி வேரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கீரைக்காரம்மா, வேரையா கடையப் போறீங்க என்று கேட்டாள். ஒருமுறை வாங்கி, வேரை அங்கேயே கிள்ளிப் போட்டுவிட்டுக் கொண்டுவந்தேன். அப்படியும் பையில் ஒட்டிய மண்ணை நினைத்தால் வீட்டு வாசலைத் தாண்டவே கூசியது. அப்புறம் வாங்கவில்லை. அவர் தயிர்ச்சோறும் மாத்திரையுமாக ஓட்டினார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருப்பார். எனக்குப் பாவமாக இருக்கும். அந்தப் பாவத்தையும் கோபமாகத்தான் காட்டுவேன், டீயைக் குறைக்கச் சொன்னால் கேட்டால்தானே என்று.

மழை வந்தது. சணப்பு விதைத்தேன். மளமளவென்று வளர்ந்து, ஆடி பிறந்தபோது மஞ்சள் பூவோடு இடுப்பளவுக்கு நின்றது. பச்சையைப் பார்த்ததும் அக்காவே ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரோக்கர் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். ஒப்பந்தக் காகிதம் தயாராகிவிட்டதாம், இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். நான் சமையலறையில் எதையும் சமைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குள் போனவர், குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கையில் ஒரு சுக்குட்டிச் செடி. சணப்புக்கு நடுவில் என் கண்ணுக்குத் தப்பி ஒளிந்து வளர்ந்திருக்கிறது. நல்ல கொழுத்த செடி. கீரை தின்று எத்தனை மாதம் ஆகிறது என்று சொல்லிக்கொண்டே வேரோடு தூக்கிக் காட்டினார்.

நான் வேரைப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் பார்த்தார். முடிச்சு முடிச்சாக இருந்தது.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறுக்கா வந்துபோச்சு அம்மணி" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. இத்தனை நாள் அவர் குடோன் பக்கம் என்று நினைத்திருந்தேனே, அதுவும் எனக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது.

செடியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மண் கரைய அலசியபோதுதான் தெரிந்தது, அது ஒரு வேர் இல்லை. சுக்குட்டியைப் பிடுங்கும்போது ஒட்டி நின்ற ஒரு சணப்புச் செடியின் வேரும் பின்னிக்கொண்டு வந்திருக்கிறது. தண்டு முறிந்து அங்கேயே நின்றுவிட்டது போல. இரண்டையும் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகப் பிரித்தேன். முடிச்சுகள் இருந்தது சணப்பு வேரில். நகத்தை வைத்து உரசினேன். ஒவ்வொன்றாக உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. சணப்பும் பயறு இனம்தானே. நல்ல முடிச்சு.

அவர் பின்னாடியே வந்து நின்று என்ன என்று கேட்டார். ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். உதிர்ந்தால் நல்லது, உதிராவிட்டால் கெட்டது. சுக்குட்டி வேரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெள்ளையாக, நீளமாக, வழவழவென்று இருந்தது.

"இது என்ன?" என்றார் அவர். தரம் பார்க்கிற கண்ணாச்சே. ஒரு நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று புடைத்த மாதிரி இருந்தது. உரசினேன். உதிரவில்லை. கிழியவும் இல்லை. கல் இடித்து வளைந்த இடமா, முடிச்சின் தொடக்கமா? அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அவர் நகத்தாலும் உரசிப் பார்த்தார். இரண்டு பேரும் தொட்டி ஓரத்தில் தலை முட்டக் குனிந்துகொண்டு அந்தக் கடுகைப் பார்த்தோம்.

"எனக்கு ஒண்ணுமே புரியலீங்க" என்றேன். ஆடிக்குள் புரிய வேண்டும் என்றவரிடம் அதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கும் புரியல" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. புரோக்கர்தான். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் தொட்டியை விட்டு நகரவில்லை. அவர் ஒரு கையில் வேரைப் பிடித்துக்கொண்டே போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசியது. இவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். கண் மட்டும் வேரின் நுனியில் இருந்தது.

"இல்லீங்க, இப்ப வர வேண்டாமுங்க" என்றார். "எங்க மண்ணைப் பத்தி எங்களுக்கே இன்னும் புரியலீங்க. புரியாததுல நான் கையெழுத்துப் போடறது இல்லீங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, இலையைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார். வேரைக் கொடுக்கவில்லை. அதை ஈரத்துணியில் சுற்றி, அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டார். நான் கீரையைக் கடையப் போனேன்.

ஆய்வுக்கூடத்திலும் அந்தக் கடுகைப் பார்த்துவிட்டு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். இப்போது பாதித் தோட்டத்தில் வாழை நிற்கிறது, மறு பாதியில் சணப்பு. சுக்குட்டிக்கு மாடியில் பழைய பக்கெட்டுகளில் இடம் கொடுத்திருக்கிறோம். கன்று கொஞ்சம் வாடினாலும் இரண்டு பேரும் ஓடிப்போய் வேரை நோண்டிப் பார்க்கிறோம். ஒன்றும் புரிவதில்லை. புரோக்கர் இப்போதும் அவ்வப்போது போன் செய்து, புரிஞ்சுதுங்களா என்று கேட்பார். இன்னும் இல்லீங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம்.